தலை மாறியது, சங்கம் நின்றது

   

‘காலம் மாறினாலும் ஒரு தொழிற்சங்கம் நிலைத்து நிற்பது தலைவராலா, தொண்டராலா?’ இதுதான் தலைப்பு. எதிரணி அம்மா வந்தாங்க. “தலை இல்லாட்டி அது உடம்பா, முண்டமா?”ன்னு ஒரு போடு போட்டாங்க. நீங்களும் கைதட்டினீங்க. அம்மா, மனுஷனுக்குத் தலை மாத்த முடியாது. சங்கத்துக்கு மாத்தலாம். மாத்தியும் நின்ற ஒரு சங்கத்தின் வரலாற்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நம்ம சென்னை பெரம்பூரில் இரண்டு பெரிய நூற்பாலைகள் இருந்தன. பக்கிங்காம் ஆலை 1876-இல் வந்தது, கர்நாடிக் ஆலை 1881-இல் வந்தது. இரண்டும் பின்னி கம்பெனியின் பிள்ளைகள். ஊரில் ‘பின்னி மில்’ என்றால்தான் தெரியும். சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதாது. ஓடிப்போய் வாயில் போட்டுக்கொண்டு ஓடிவர வேண்டும். தாமதமானால் கதவு சாத்தியிருக்கும். மேலதிகாரி கை நீட்டி அடிப்பதும் உண்டு.

இதைப் பார்த்துப் பொறுக்காதவர்கள் இரண்டு பேர். செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு. இவர்கள் ஆலைத் தொழிலாளிகள் அல்லர், அந்த வட்டாரத்தில் வியாபாரம் செய்தவர்கள். தொழிலாளிகளின் கண்ணீரைக் கேட்டுக் கேட்டு, அன்னி பெசன்ட் அம்மையாரின் ‘நியூ இந்தியா’ பத்திரிகையில் இருந்த பி.பி. வாடியாவிடம் போனார்கள். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாறு அதைக் குறிக்கிறது. வாடியா தலைவர். திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். வாடியா பம்பாய்க்காரர், பார்சி. அவர் ஆங்கிலத்தில் பேசுவார், இன்னொருவர் தமிழில் சொல்லுவார். தலைவரைத் தேடித் தொழிலாளி போனானா, தொழிலாளியைத் தேடித் தலைவர் வந்தாரா? நடுவர் இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ள வேண்டும்!

1920-இல் இரண்டு ஆலைகளும் ஒரே கம்பெனியாக இணைந்தன. முதலாளி பலம் ஒன்றானது. அதே ஆண்டில் வாடியா மேல் வழக்கு. தொழிலாளிகளைத் தூண்டக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு. பெருந்தொகை நஷ்டஈடும் கேட்டார்கள். கடைசியில் வாடியா சங்கத்தை விட்டு விலகுவது என்று சமரசம் ஆயிற்று. 1921-இல் அவர் விலகினார்.

எதிரணி கணக்குப்படி அன்றைக்கே சங்கத்துக்குக் காரியம் செய்திருக்க வேண்டும். செய்தார்களா? இல்லையே! திரு.வி.க. முன்னால் வந்தார். வாடியா போன அதே ஆண்டில் அந்தச் சங்கம் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடத்தியது. ‘நாடு கடத்துவேன்’ என்று கவர்னர் வில்லிங்டன் மிரட்டியும் திரு.வி.க. அசையவில்லை.

ஆனால் அந்த வேலைநிறுத்தம் தோற்றது. ஏன் தோற்றது? தலைவர் இல்லாமலா? இருந்தாரே! தொழிலாளி இரண்டுபட்டான், ஐயா. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். அன்றாடக் கூலி நின்றால் அன்றைக்கே அடுப்பு அணைகிற வீடுகள் அவை. அவர்கள் பட்டினியையும், காலங்காலமாகப் பட்ட அவமானத்தையும் மற்றவர்கள் தம்முடையதாக நினைத்தார்களா? அதுதான் கேள்வி. பதில் புளியந்தோப்பில் கிடைத்தது. தொழிலாளி குடிசைக்குத் தொழிலாளியே தீ வைத்தான். துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின. வேலைநிறுத்தம் முறிந்தது, சங்கம் படுத்துவிட்டது.

ஒரே ஆண்டில் இரண்டு சோதனை! தலைவர் போனார், சங்கம் நின்றது. தொண்டர்கள் பிரிந்தார்கள், சங்கம் விழுந்தது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

நம்ம வீட்டிலேயே பாருங்களேன். பெரியவர் கண்ணை மூடினால் வீடு அழும், ஆனால் உடையாது. மூத்தவன் பொறுப்பை எடுத்துக்கொள்வான், மருமகள் சாவிக்கொத்தை வாங்கிக்கொள்வாள். வீடு உடைவது எப்போது? ‘உன் பிள்ளைக்கு நெய், என் பிள்ளைக்கு மோரா?’ன்னு அடுப்படியில் ஒரு குரல் எழும்புதே, அப்போ! (சிரிப்பு)

படுத்த சங்கம் எழுந்ததா என்று கேட்பீர்கள். எழுந்தது. 1946-இல் அந்தோணிப் பிள்ளை தலைவரானார். யாழ்ப்பாணத்துக்காரர். பம்பாய்ப் பார்சி, நம் தமிழ்த் தென்றல், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தலை மாறிக்கொண்டே வந்தது, உடம்பு ஒன்றுதான். 1947-இல் நூறு நாள் வேலைநிறுத்தம். அந்தோணிப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முதுமையில் தளர்ந்திருந்த திரு.வி.க.வை வீட்டுக்காவலில் வைத்தார்கள். அப்போது நாளை எண்ணிப் பட்டினி கிடந்தது யார்? தாலியை அடகு வைத்து உலை வைத்தது யார்? பெயர் தெரியாத தொண்டனும் அவன் மனைவியும்தானே!

சட்டமும் இந்தப் பாடத்தைக் கற்றது. வாடியா மேல் போட்ட வழக்குதான் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வரத் தூண்டுகோலாக இருந்தது. அந்தச் சட்டம் தலைவருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது, ஒப்புக்கொள்கிறேன். கூடவே என்ன சொன்னது? பொறுப்பாளர்களில் பாதிப் பேராவது அந்தத் தொழிலில் இருப்பவராக இருக்க வேண்டும் என்றது. வரவுசெலவுக் கணக்கை ஆண்டுதோறும் காட்டச் சொன்னது. வெளியிலிருந்து வருகிறவர் வரட்டும், ஆனால் வீட்டுச் சாவி வீட்டுக்காரன் கையில் இருக்கட்டும் என்று பொருள்.

1996-இல் அந்த ஆலை மூடப்பட்டது. 2018-இல் சங்கத்துக்கு நூறு வயது. முதலாளி கட்டிய கட்டடத்தைவிடத் தொழிலாளி கட்டிய பெயருக்கு ஆயுள் கெட்டி!

நடுவர் அவர்களே, தலைவர் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தேருக்கு வடம் பிடிக்க முதலில் ஒரு கை வேண்டும். ஆனால் அந்தக் கை தளர்ந்தால் அடுத்த கை பிடிக்கும். வடமே இரண்டாக அறுந்தால், முன்னால் எத்தனை பெரிய மனிதர் நின்றாலும் தேர் நகராது. அந்த வடம் தொண்டர்களின் ஒற்றுமை. ‘தொண்டராலே’ என்று தீர்ப்புத் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.