பெயர் கிடைத்தவர்களும் இலக்கம் கிடைத்தவர்களும்

ஒரு பழைய மெடலைக் கையில் எடுத்தால் நாங்கள் முதலில் பார்ப்பது முகப்பைத்தான். யாருடைய தலை, எந்த ஆண்டு, என்ன வாசகம். ஆனால் அதைச் செய்த விதத்தையும் கொஞ்சம் கவனிக்க வேணும்.

முதலாம் உலகப் போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பிரித்தானிய அரசு ஒரு வெண்கல நினைவுத் தகடு கொடுத்தது. அதன் வடிவத்துக்காக 1917இல் போட்டி வைத்தார்கள். வந்த 800க்கும் மேற்பட்ட வடிவங்களில் லிவர்பூல் சிற்பி எட்வர்ட் கார்ட்டர் பிரஸ்டனுடையது வென்றது. விட்டம் கிட்டத்தட்ட 12 சென்ரிமீற்றர். பார்க்கப் பென்னிக் காசு மாதிரி இருந்ததால் ‘செத்தவனின் பென்னி’ எண்டே சனம் அதற்குப் பெயர் வைத்தது.

வழக்கமாக மெடலைச் செய்து முடித்த பிறகுதான் பெயரைப் பொறிப்பார்கள். இதில் அப்படியில்லை. பெயரும் தகட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டது, எழுத்துகள் மேலே எழும்பி நிற்கும். அப்படியெண்டால் ஆளுக்கு ஆள் அச்சில் பெயரை மாற்ற வேணும். செய்தது 13 இலட்சத்துக்கும் மேல்! பெண்களுக்கான ஏறக்குறைய 600 தகடுகளில் ‘அவன் இறந்தான்’ என்பது ‘அவள் இறந்தாள்’ ஆனது.

தகட்டில் பதவி கிடையாது. தளபதிக்கும் சாதாரண சிப்பாய்க்கும் வெறும் பெயர்தான். தியாகத்தில் மேல் கீழ் இல்லை என்று காட்டத்தான் வேண்டுமென்றே பதவியை விட்டார்கள்.

இப்ப அதே அரசு அதே போருக்காகக் கொடுத்த இன்னொரு மெடலைப் பாருங்கோ. பிரித்தானியப் போர்ப் பதக்கம். படையினருக்கு வெள்ளியில் சுமார் 65 இலட்சம் அடித்தார்கள். விளிம்பில் இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் இருக்கும். வெண்கலத்திலும் சுமார் 1,10,000 அடித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை சீன, இந்திய, மோல்ட்டா தொழிலாளர் படைகளுக்குப் போயின. வடிவம் அதேதான், உலோகம் மட்டும் மலிவு.

சீனத் தொழிலாளர் படையில் ஏறக்குறைய 95,000 பேர் இருந்தார்கள். பதுங்குகுழி வெட்டினார்கள், கப்பலில் சாமான் இறக்கினார்கள், போர் முடிந்த பிறகு பிணங்களையும் புதைத்தார்கள். அவர்களுடைய பதக்கத்தின் விளிம்பில் பெயரே இல்லை. ஓர் இலக்கமும் படையின் பெயரும் மட்டும்தான்.

13 இலட்சம் பெயர்களை ஒவ்வொன்றாக வார்க்க முடிந்த அரசுக்கு இந்தப் பெயர்களைப் பொறிக்கவா வசதி இல்லாமல் போனது? நினைவுகூரல் பற்றி இவ்வளவு கதைக்கிற எங்கள் தலைமுறை இதை யோசிக்க வேணும். யாரை நினைவுகூர்ந்தார்கள் என்பதோடு, அவர்களை என்ன உலோகத்தில், எந்தப் பெயரில் நினைவுகூர்ந்தார்கள் எண்டும் கேட்போம்.