ஐஸ் ஹவுஸில் வாழ்ந்தோர்

சென்னைக் கடற்கரைச் சாலையில் கடலை நோக்கி வளைந்து நிற்கும் விவேகானந்தர் இல்லம், மனிதர் வாழ்வதற்கென எழுந்த கட்டடம் அன்று. பாஸ்டன் நகர வணிகரான பிரெடரிக் டியூடர் 1842-ஆம் ஆண்டில் பனிக்கட்டியைச் சேமித்து வைக்கக் கட்டிய கிடங்கு அது. மாசசூசெட்ஸ் ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும் அறுத்தெடுக்கப்பட்ட பாளங்கள், மரத்தூளில் பொதியப்பெற்று, மாதக்கணக்கில் கடலில் பயணம் செய்து இங்கு வந்து சேர்ந்தன. துறைமுகம் அமையாத அந்நாளில் அவற்றைப் படகிலேற்றி அலைகளைக் கடந்து கரை சேர்க்க வேண்டியிருந்தது. வெப்பம் நுழையாதிருக்கத் தடித்த சுவர்களும் வட்ட வடிவமும் அமைந்தன. காற்றையும் வெளிச்சத்தையும் விலக்குவதே இக்கட்டடத்தின் இலக்கணம் எனலாம். கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த இத்தகைய கிடங்குகள் மறைந்துவிட்டன; எஞ்சியது இது ஒன்றே.

நீராவி எந்திரத்தால் பனிக்கட்டியை உள்ளூரிலேயே செய்யும் முறை வந்தபின் டியூடரின் வணிகம் நலிந்தது. கட்டடத்தை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் சன்னல்களைத் திறந்து, அரைவட்டத் தாழ்வாரங்களைச் சேர்த்து அதனை வீடாக்கினார். உயர்நீதிமன்ற நீதிபதி கெர்னனின் பெயரால் ‘காசில் கெர்னன்’ எனவும் அழைத்தார். மேலைநாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் ஒன்பது நாள் இங்குத் தங்கினார். அவர் அனுப்பிய இராமகிருஷ்ணானந்தர் இங்கேயே மடத்தை நடத்தினார். ஐயங்கார் 1902-இல் மறைந்தார். 1906-இல் வீடு ஏலம் போயிற்று. மறு ஆண்டு மடம் மயிலாப்பூருக்குப் பெயர்ந்தது.

இவ்வரலாற்றை எடுத்துரைப்போர் பெரும்பாலும் இவ்விடத்தில் நின்று, நேரே 1963-க்குத் தாவிவிடுவர். விவேகானந்தரின் நூற்றாண்டையொட்டி அரசு இன்றைய பெயரைச் சூட்டிய ஆண்டு அது. இடைப்பட்ட காலமே ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1917-இல் அரசு இக்கட்டடத்தை வாங்கியது. சகோதரி சுப்புலட்சுமியின் பொறுப்பில் இளங் கைம்பெண்களின் விடுதி இங்கு இயங்கியது. 1886-இல் பிறந்த சுப்புலட்சுமி, பன்னிரண்டு வயது நிரம்புமுன்னரே மணமும் கைம்மையும் கண்டவர். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அடுத்த ஆண்டே சில சிறுமியரைத் தம்மோடு வைத்துக் கற்பிக்கத் தொடங்கியிருந்தார்.

வீட்டின் இருண்ட மூலைக்குரியோர் என ஒதுக்கப்பட்ட சிறுமியர், சென்னையிலேயே மிகப் பரந்த வெளியாகிய கடற்கரைக்கு எதிரே பாடம் படித்தனர். அவர்களுள் ஆசிரியைகளானோர் பலர். பிராமணப் பெண்களுக்கே அவ்விடுதி உரியதாயிருந்தமை அதன் குறையே. அதனை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. வயது வரம்பும் இருந்தது. அவ்வரம்பைக் கடந்த கைம்பெண்களுக்கென்றே சுப்புலட்சுமி 1927-இல் சாரதா வித்யாலயாவைத் தோற்றுவித்தார்.

பனிக்கட்டி உருகி நூறாண்டு கடந்தும் அப்பகுதி மக்கள் நாவில் ‘ஐஸ் ஹவுஸ்’ என்றே வழங்குகிறது. துறவியின் பெயர் கட்டடத்தின் முகப்பில் நிற்கிறது. அத்தாழ்வாரங்களில் ஆண்டுக்கணக்கில் நடந்து படித்த சிறுமியரின் நினைவாக மட்டும் பெயரேதும் வழங்கவில்லை.