படவில்லை நிறத்திருத்தம்

படவில்லை நிறத்திருத்தம் என்பது பழைய வண்ணப் படவில்லைகளை (ஸ்லைடு) எண்ணிமப் படக்கருவியால் படியெடுக்கும்போது ஏற்படும் நிறப் பிறழ்வைச் சீர்செய்யும் முறையாகும்.

பிறழ்வுக்குப் பின்னொளியின் நிறம் ஒரு காரணம். படவில்லையை வைக்காமல் பின்னொளியை மட்டும் படமெடுத்து, அதைக்கொண்டு வெண்சமநிலையை நிறுவினால் இது நீங்கும். தானியங்கு வெண்சமநிலை இங்கு உதவாது. மாலை வெயிலின் செம்மையையும் அது பிழையெனக் கருதி நீக்கிவிடக்கூடும்.

மற்றொன்று சாயம் மங்குதல். 1935இல் வெளிவந்த கோடாக்குரோம், இருட்டில் வைக்கப்பட்டால் நெடுங்காலம் நிறம் மாறாது. தொடக்ககால எக்டாக்குரோம் படவில்லைகள் பலவற்றில் சயான் சாயம் முதலில் மங்கிவிடுவதால் படம் சிவந்து தோன்றும். சிவப்பு, பச்சை, நீலத் தடங்களைத் தனித்தனியே சரிசெய்தே இதனைத் திருத்த இயலும்.

அதற்குப் படத்தில் நடுநிலைச் சாம்பல் நிறப் பொருளொன்று வேண்டும். செஞ்சிக் கோட்டைப் படங்களில் இராசகிரிப் பாறையை அவ்வாறு கொள்வது தவறாகும். வெயிலும் மழையும் பட்டுப் பழுப்பேறிய பாறையைச் சாம்பலாக்கினால், கல்யாண மகாலின் சுவர்களும் நீலம் பாரிக்கும். வெளிச்சம் படாத படச்சுருள் விளிம்பைக் கருமைக்கும், படத்திலுள்ளோரின் வெள்ளை வேட்டியை வெண்மைக்கும் அளவாகக் கொள்ளலாம். வேட்டி நிழலில் இருந்தால் அதுவும் சற்று நீலமாகவே பதிந்திருக்கும்.

2025இல் உலக மரபுக்களப் பட்டியலில் சேர்ந்த இக்கோட்டையில், சீரமைப்புக்கு முந்தைய சுண்ணச்சாந்தின் நிறத்துக்குப் பழைய படவில்லைகள் சான்றாகலாம். ஆதலின் திருத்தப்படாத மூலக்கோப்பும் தனியே சேமிக்கப்படுதல் வேண்டும்.