பழைய மெக்கிண்டாஷுக்குச் சிஸ்டம் வட்டு தயாரிப்பது எப்படி?

அலமாரியில் பல ஆண்டுகள் கிடந்த மெக்கிண்டாஷ் பிளஸ் கணினியை இயக்கினால், திரையில் ஒரு வட்டின் படமும் அதன் நடுவே கேள்விக்குறியும் மினுக்கும். கணினி கெட்டுவிட்டது என்று எண்ணிப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட வேண்டாம். சிஸ்டம் மென்பொருள் உள்ள வட்டைக் கணினி தேடுகிறது, கிடைக்கவில்லை. அந்தக் கேள்விக்குறியின் பொருள் பெரும்பாலும் இவ்வளவுதான்.

1986 ஜனவரியில் வெளிவந்த இக்கணினிக்குள் வன்தட்டு கிடையாது. சிஸ்டம் மென்பொருளை 3.5 அங்குல நெகிழ்வட்டிலிருந்தோ வெளியே இணைத்த வன்தட்டிலிருந்தோதான் ஏற்ற வேண்டும். 1 மெகாபைட் நினைவகம் இருந்தால் சிஸ்டம் 6.0.8 போதும். 1991இல் வந்த சிஸ்டம் 7க்குக் குறைந்தது 2 மெகாபைட் தேவை. ஆப்பிள் நிறுவனமே பிற்காலத்தில் சிஸ்டம் 6, 7 பதிப்புகள் சிலவற்றை இலவசமாகப் பதிவிறக்கக் கொடுத்தது.

சிக்கல் எங்கே?

பதிவிறக்குவது எளிது. வட்டில் எழுதுவதுதான் கடினம். மெக்கிண்டாஷ் பிளஸ் வட்டின் ஒரு பக்கத்தில் 80 தடங்கள் உண்டு. வெளித் தடங்களில் 12 பிரிவுகளும் உள்ளே போகப் போகக் குறைந்து கடைசியில் 8 பிரிவுகளும் இருக்கும். அதற்கேற்ப வட்டு சுழலும் வேகமும் மாறும். இப்படி இரு பக்கமும் சேர்த்து 800 கிலோபைட் கிடைக்கும்.

கடையில் கிடைக்கும் யுஎஸ்பி நெகிழ்வட்டு இயக்கி ஒரே வேகத்தில் சுழல்வது. அதனால் 800 கிலோபைட் வட்டை எழுத இயலாது. 1988 முதல் வந்த, 1.44 மெகாபைட் வட்டைப் படிக்கும் மெக்கிண்டாஷ்களுக்கு மட்டுமே அது உதவும்.

கோப்பு கெடாமல் இருக்க

பழைய மெக்கிண்டாஷ் கோப்புக்கு இரண்டு பகுதிகள் இருக்கலாம். விண்டோஸ் கணினியில் பிரித்தால் ஒரு பகுதி தொலைந்து, நிரல் திறக்காமல் போகும். மெக்பைனரி, பின்ஹெக்ஸ் ஆகிய பொதிவுகள் இரு பகுதிகளையும் சேர்த்துக் காப்பவை. எனவே, பதிவிறக்கிய பொதியைப் பிரிக்காமல் அப்படியே பழைய மெக்கிண்டாஷுக்குக் கொண்டுசென்று அங்கே பிரிக்க வேண்டும்.

மூன்று வழிகள்

1. நெகிழ்வட்டு இயக்கியும் சிடி இயக்கியும் உள்ள இடைக்காலக் கணினி ஒன்றைப் பாலமாகப் பயன்படுத்தலாம். 1997இல் வந்த பழுப்பு நிற பவர் மெக்கிண்டாஷ் ஜி3 அத்தகையது. பொதிகளைச் சிடியில் பதிந்து, அக்கணினியில் பிரித்து, டிஸ்க் காப்பி 6.3.3 மூலம் 800 கிலோபைட் வட்டில் எழுதலாம்.

2. கிரீஸ்வீசல் என்ற சிறு மின்பலகையைச் சாதாரண பிசியின் உள் நெகிழ்வட்டு இயக்கியுடன் இணைக்கலாம். அது சுழலும் வேகத்தை விட்டுவிட்டு, எழுதும் துடிப்பின் நேரத்தை மாற்றி 800 கிலோபைட் வட்டை எழுதும்.

3. ஃபிளாப்பி எமு என்ற கருவி, எஸ்டி அட்டையில் உள்ள வட்டுப் பிம்பத்தையே நெகிழ்வட்டாகக் காட்டும். இதற்கு வட்டே தேவையில்லை.

வட்டைத் தேர்ந்தெடுக்கும்போது

மூலையில் ஒரே ஒரு துளை உள்ள வட்டு 800 கிலோபைட்டுக்கு ஏற்றது. இரண்டு துளை உள்ளதன் காந்தப்பூச்சு வேறு; எழுதியது நிலைக்கும் என்று நம்ப முடியாது. சோனி நிறுவனம் 2011 மார்ச்சில் ஜப்பானில் நெகிழ்வட்டு விற்பனையை நிறுத்தியது. இன்று கைக்கு வருபவை பெரும்பாலும் பழைய இருப்புகளே.

நம் ஊர் ஈரப்பதத்தில் வட்டுகளில் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். உலோகத் தகட்டை நகர்த்தி உள்ளே பார்த்த பிறகே செருக வேண்டும். பூஞ்சை பிடித்த ஒரு வட்டு இயக்கியின் தலையை அழுக்காக்கி, அடுத்த வட்டையும் கெடுத்துவிடும்.

மறக்கக் கூடாதது

சங்கக் கணக்கு, ஆண்டு மலர், குடும்பக் கடிதம் என எதுவும் பழைய வட்டில் இருக்கலாம். 800 கிலோபைட் மெக்கிண்டாஷ் வட்டை விண்டோஸ் கணினியில் செருகினால், ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கக்கூடும். வட்டு காலியாக இருப்பதால் அல்ல, அதைப் படிக்கத் தெரியாததால்தான் அப்படிக் கேட்கிறது. ‘ஆம்’ என்று அழுத்தினால் உள்ளதும் போகலாம்.

எழுதத் தொடங்கும் முன் பழைய வட்டின் மூலைத் தாழ்ப்பாளை நகர்த்தித் துளையைத் திறந்துவிடுங்கள். துளை திறந்திருந்தால் அதில் எதுவும் எழுதப்படாது. புதிதாகச் செய்த சிஸ்டம் வட்டில் கணினியை இயக்கிப் பார்த்துவிட்டு, அதன்பின் பழைய வட்டைச் செருகுங்கள்.