பலாப்பழத்துக்குப் பூட்டு கிடையாது

ஆலங்குடிப் பக்கம் போயிருக்கிறீர்களா? புதுக்கோட்டைக்குக் கிழக்கே. அதையும் தாண்டி வடகாடு, மாங்காடு, கீரமங்கலம் என்று போனால், சீசனில் ரோட்டோரமெல்லாம் பலா மணக்கும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு பழமே பத்துப் பதினைந்து கிலோ. நாலு பேர் இருக்கிற வீட்டில் அதை அறுத்தால் யார் தின்று தீர்ப்பது? வைத்திருந்தால் குழைந்துவிடும். மண்டிக்குப் போனது போக, வீட்டுக்கென்று அறுத்ததில் பாதி பக்கத்து வீட்டுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். இன்னொரு நாள் அங்கிருந்து ஏதாவது வரும். நான் படித்த பி.காமில் இதற்கு லெட்ஜர் போடச் சொல்லித்தரவில்லை.

வெள்ளைக்காரன் இதற்கும் சட்டம் வைத்திருந்தான். நகராட்சியிடம் துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்துக் காய்கறி போடுவது பிரிட்டனில் பழைய வழக்கம். அந்த விளைச்சல் பெரும்பாலும் பயிரிடுகிறவரும் குடும்பமும் சாப்பிடத்தான், என்றது 1922-ம் வருடச் சட்டம். கடை பரப்ப அல்ல. சரி, பீன்ஸ் கொடி சட்டம் படித்துவிட்டா காய்க்கிறது? மிஞ்சியது வேலி தாண்டிப் போனது. இரண்டாம் உலகப்போரில் உணவுக் கப்பல்களை ஜெர்மனி மூழ்கடிக்க, இந்தத் துண்டு நிலங்கள் சுமார் 14 லட்சமாகப் பெருகின. லண்டன் டவர் கோட்டையின் அகழியில்கூடக் காய்கறி! இங்கே 1965-ல், உணவுப் பஞ்சத்தில், பிரதமர் சாஸ்திரி தன் வீட்டுப் புல்தரையையே உழுது பயிர் வைத்தார்.

ஆலங்குடிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பணத்தையே அப்படிச் சுற்றவிட்டவர்கள் அவர்கள். ஆடி பிறந்தால் மொய் விருந்து. கறிச்சோறு போட்டு, வருகிற மொய்யை நோட்டில் எழுதி, பிறகு அவரவர் விருந்தில் கூடுதலாகவே திருப்பிச் செய்வார்கள்.

ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. என் வீட்டில் இல்லாதபோது உங்கள் வீட்டில் இருக்கவேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயல் எல்லோர் தோப்பிலும் ஒரே நேரத்தில் கைவைத்தது. பலாவும் தென்னையும் வேரோடு சாய்ந்தன. விதை ஊன்றிப் பலா காய்க்க வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை யார் யாருக்குக் கொடுப்பது? வெளி மாவட்டங்களிலிருந்து அரிசியும் போர்வையும் வேனில் வந்தன.

அந்தப் பக்கத்து டீக்கடைக்காரர் ஒருவர் மட்டும் தன் கடன் நோட்டைப் புரட்டினார். புயலில் அடிபட்டவர்கள் பழைய பாக்கியைத் தரவேண்டாம் என்று அறிவித்துவிட்டார். பேப்பரிலெல்லாம் செய்தி வந்தது. பாக்கி ஒன்றும் சில்லறை அல்ல, ஆயிரக்கணக்கில்.