கலவாப் பல்பகுதியங்களும் கிளறலின் வரலாறும்

ஒரு பொருளின் பண்பினை அதன் கூறுகளே தீர்மானிக்கின்றன என்னும் கருத்து இரசாயனவியலில் ஆழ வேரூன்றியதாகும். பல்பகுதியக் கலவைகளின் வரலாறு இக்கருத்தின் எல்லையைத் தெளிவாகக் காட்டுகின்றது. அவ்வரலாற்றின் ஓர் அத்தியாயத்தை மட்டும் ஈண்டு நோக்குவோம்.

பல்பகுதியங்கள் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளே என்பதனை ஸ்டௌடிங்கர் 1920இல் முன்வைத்தார். அச்சங்கிலிகள் ஏன் தம்முட் கலக்க மறுக்கின்றன என்பதற்கான விளக்கம், புளோரியும் ஹக்கின்சும் 1941, 1942ஆம் ஆண்டுகளில் தனித்தனியே வகுத்த கொள்கையிலிருந்து பெறப்பட்டது. சிறு மூலக்கூறுகள் கலக்கும்போது அவை அமையக்கூடிய ஒழுங்குகள் எண்ணிறந்து பெருகுகின்றன. அப்பெருக்கமே கலத்தலைத் தூண்டுகின்றது. ஆயிரக்கணக்கான அலகுகள் ஒரே சங்கிலியாகப் பிணைக்கப்பட்டவிடத்து அத்தூண்டல் மிகச் சொற்பமாகின்றது. எனவே, கூறுகளிடையே சிறிதளவு ஒவ்வாமை இருப்பினும் அவை வெவ்வேறு அவத்தைகளாகப் பிரிந்துவிடுகின்றன.

எனினும், பிரிவு நிகழும் என்பதனையே இக்கொள்கை கூறிற்று. பிரிந்த அவத்தைகள் எவ்வடிவம் பெறும் என்பதனை அது கூறவில்லை. அவ்வினாவுக்கான விடை கிளறற் கலத்தினுள்ளே இருந்தது.

பொலிஸ்டைரீன் எளிதில் நொறுங்கும் பொருள். ரஷ்யாவிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய ஒஸ்ட்ரொமிஸ்லென்ஸ்கி, இறப்பரை ஸ்டைரீனிற் கரைத்துப் பல்பகுதியமாக்கும் முறைக்கு 1927இல் ஆக்கவுரிமை பெற்றார். கூறுகள் சரியானவையே. ஆயினும் கிளறாது விடப்பட்ட கலவையில் இறப்பர் ஒரு தொடர்ந்த வலையாகவே எஞ்சும். அதன் சங்கிலிகள் குறுக்கே பிணைந்து, உருக்கி வார்ப்பதற்கு ஒவ்வாத பொருளொன்றே கிடைக்கும். டௌ நிறுவனத்தைச் சேர்ந்த ஏமொசும் அவருடன் உழைத்தோரும் 1954இற் பெற்ற ஆக்கவுரிமையோ, தாக்கம் நிகழும்போது கலவையைக் கிளறவேண்டும் என்பதனை வலியுறுத்திற்று.

கிளறல் செய்தது யாது? தாக்கத்தின் தொடக்கத்தில் இறப்பர்க் கரைசலே தொடர்ந்த அவத்தையாக இருக்கின்றது. புதிதாக உருவாகும் பொலிஸ்டைரீன் அதனுள் துளிகளாகப் பிரிகின்றது. துளிகளின் கனவளவு பெருகிச் சுற்றியுள்ள அவத்தைக்கு நிகராகும் கட்டத்தில், கிளறலின் விசையால் ஒழுங்கு தலைகீழாகின்றது. பொலிஸ்டைரீன் தொடர்ந்த அவத்தையாகின்றது. இறப்பர் சில மைக்குரோமீற்றர் அளவான துணிக்கைகளாகச் சிதறுகின்றது. அத்துணிக்கைகள் தம்முள்ளே பொலிஸ்டைரீனைச் சிறைப்படுத்திக் கொள்வதால், நூற்றுக்குப் பத்துக்கும் குறைந்த இறப்பரே பெருங் கனவளவை ஆட்கொண்டு பொருளுக்கு உறுதியளிக்கின்றது. இறப்பர்ச் சங்கிலியில் ஒட்டி வளர்ந்த பொலிஸ்டைரீன் கிளைகள் இடைமுகத்தில் நின்று துளிகளைப் பேணுகின்றன என்பதனை மோலௌ 1965இல் விளக்கினார். அதே ஆண்டில் ஜப்பானியரான காட்டோ, ஒசுமியச் சேர்வையால் இறப்பர் அவத்தையைச் சாயமூட்டி, இத்தகைய கலவைகளின் உள்ளமைப்பை இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் காணும் வழியைத் திறந்தார்.

இவற்றுக்கெல்லாம் முன்னரே, 1934இல், கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜி. ஐ. டெய்லர் ஓட்டத்தில் அகப்பட்ட துளியொன்று உடையும் விதத்தை ஆராய்ந்திருந்தார். ஓட்டத்தின் விசை துளியை நீட்டுகின்றது. இடைமுக இழுவிசை அதனை மீண்டும் கோளமாக்க முயல்கின்றது. இவ்விரண்டின் போட்டியே துளியின் பருமனை வரையறுக்கின்றது. நீண்ட இழை எவ்வாறு துளிகளாக அறுபடும் என்பதனை டொமோடிகா 1935இற் கணித்தார். உருகிய பல்பகுதியங்களைக் கலக்கும்போது ஒரு கூறு முதலில் தகடாகவும், பின் துளைபட்ட வலையாகவும், ஈற்றில் துளிகளாகவும் மாறுவதனை ஸ்கொட்டும் மக்கொஸ்கோவும் 1991இற் காட்டினர். குளிர்ந்து இறுகும்போது அக்கணத்து அமைப்பு அவ்வாறே உறைந்துவிடுகின்றது. பொருளின் உள்ளமைப்பு என்பது அது பட்ட அனுபவத்தின் பதிவேயாகும்.

ஆகவே, கொள்கை முன்செல்ல உற்பத்தி அதனைப் பின்பற்றிற்று என விஞ்ஞான வரலாற்றை எழுதுவது பொருந்தாது. டெய்லரின் கணிதமும் தொழிற்சாலைக் கலத்தின் அனுபவமும் வெவ்வேறு வழிகளில் வந்து, காலந்தாழ்த்தியே சந்தித்தன. இஃது இன்றும் பயனுள்ள பாடமாகும். கழிவாக ஒதுக்கப்படும் பொலித்தீனும் பொலிபுரொப்பிலீனும் ஒன்றாக உருக்கப்படும்போது அவை பிரிந்தே நிற்கின்றன. பிரிவெல்லையில் வலுவிழந்த பொருளே பெறப்படுகின்றது. அவற்றைப் பயன்படு பொருளாக்குவதற்குக் கூறுகளின் பட்டியல் மாத்திரம் போதாது. இடைமுகமும் செய்முறையும் ஒருங்கே கருதப்படல் வேண்டும். செய்முறையைக் கைவினை என ஒதுக்கிக் கொள்கையை மட்டும் விஞ்ஞானமெனப் போற்றும் மனப்பாங்கு, பொருளின் பாதி உண்மையையே அறியும் என்பது எமது துணிபாகும்.