எண் வில்லையும் மஞ்சள் பலகையும்: அடையாளக் குறி இல்லாவிடில் தண்டனை யாருக்கு?

1827ஆம் ஆண்டு மே மாதத்தில் கல்கத்தாவின் பல்லக்குத் தூக்கிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். மணிக்கணக்கில் கூலியை வரையறுத்த நகர நிர்வாகம், ஒவ்வொரு தூக்கியும் பதிவு செய்துகொண்டு எண் பொறித்த வில்லையை அணிய வேண்டும் என்றும் விதித்திருந்தது. கூலி வரையறையை மட்டுமன்றி வில்லையையும் அவர்கள் எதிர்த்தனர். பல்லக்குக்கு இட்டிருக்க வேண்டிய அடையாளம் மனித உடலின்மீது ஏற்றப்பட்டது என்பதே அவ்வெதிர்ப்பின் உட்பொருள் எனக் கொள்ளலாம்.

இந்தியாவில் வாடகை ஊர்திகளின் அடையாளக் குறி பற்றிய வரலாற்றைத் தொடங்குவதற்கு இந்நிகழ்ச்சி பொருத்தமானது. குறி எதற்கு என்பதில் பெரிய ஐயமில்லை. கூடுதல் கட்டணம் கேட்டவரையோ பொருளோடு மறைந்தவரையோ பயணி பின்னர் அடையாளம் காட்ட வேண்டும். ஆனால் அக்குறியைச் சுமப்பவர் யார், அது இல்லாதபோது தண்டனை பெறுபவர் யார் என்னும் வினாக்களுக்குச் சட்டங்கள் காலந்தோறும் வெவ்வேறு விடை அளித்து வந்துள்ளன.

1861ஆம் ஆண்டின் பயணி வண்டிச் சட்டம் ஒரு திருப்பம். வாடகைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரை வண்டிகளுக்கு அது உரிமத்தைக் கட்டாயமாக்கியது. உரிமத்தின் எண், உரிமையாளரின் பெயர், இருப்பிடம், ஏற்றத்தக்க பயணிகளின் தொகை முதலிய விவரங்கள் வண்டியில் கண்ணில் படும் இடத்தில் தீட்டப்பட வேண்டும் என்றது. குறி இங்கே உழைப்பவரின் உடலைவிட்டு வண்டிக்கு இடம்பெயர்ந்தது. அதில் எழுதப்பட்ட பெயரும் ஓட்டுபவருடையது அன்று. வண்டியால் ஊதியம் பெறும் உரிமையாளருடையது.

மோட்டார் வாகனங்களுக்கான முதல் அனைத்திந்தியச் சட்டம் 1914இல் வந்தது. 1939ஆம் ஆண்டுச் சட்டம் பேருந்துகளையும் சரக்கு வண்டிகளையும் பெர்மிட் முறைக்குள் கொணர்ந்தது. இன்று நடைமுறையிலுள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்விரு மரபுகளும் அருகருகே நிற்கின்றன.

39ஆம் பிரிவின்படி, பதிவுக்குறி வெளிப்படத் தெரியாத வாகனத்தை எவரும் ஓட்டலாகாது. போக்குவரத்து வாகனங்களுக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்பது விதி. 84ஆம் பிரிவு 1861இன் குரலையே மீண்டும் ஒலிக்கிறது: பெர்மிட் பெற்றவரின் பெயரும் முகவரியும் வாகனத்தின் இரு பக்கங்களிலும், அதன் நிறத்துக்கு மாறுபட்ட நிறத்தில், தடித்த எழுத்துகளில் இருத்தல் வேண்டும்.

தண்டனைக்கு வரும்போது இவ்விரண்டும் பிரிகின்றன. 39ஆம் பிரிவை மீறினால் 192ஆம் பிரிவு பொருந்தும். முதல் முறைக்கு ரூ. 2,000க்குக் குறையாமல் ரூ. 5,000 வரை அபராதம். மறுமுறை ஓராண்டு வரை சிறையும் நேரலாம். ஓட்டுபவர், ஓட்டச் செய்பவர், ஓட்ட அனுமதிப்பவர் ஆகிய மூவரையும் அப்பிரிவு குறிக்கிறது. எனினும் சாலையில் நிறுத்தப்படும் வேளையில் கைக்கெட்டுபவர் முதலாமவர் மட்டுமே. தனித் தண்டனை கூறப்படாத மீறல்களுக்கு 177ஆம் பிரிவு உண்டு. அதில் ரூ. 100ஆக இருந்த முதல் அபராதம் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ரூ. 500 ஆனது.

பெயரும் முகவரியும் எழுதாமை பெர்மிட்டின் நிபந்தனையை மீறுவதாகும். அதற்கு 86ஆம் பிரிவின்கீழ் பெர்மிட்டை நிறுத்தி வைக்கலாம், நீக்கவும் செய்யலாம். இது உரிமையாளரின் தொழிலையே தொடும் தண்டனை. ஆயினும் அவர் விளக்கமளிக்க வாய்ப்புத் தரப்படல் வேண்டும். அவர் இசைந்தால், உடன்பட்ட ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு நடவடிக்கையைக் கைவிடவும் சட்டம் இடமளிக்கிறது. ஓட்டுநர்மீதான அபராதம் சாலையோரத்திலேயே தொடங்குகிறது. உரிமையாளர்மீதான நடவடிக்கை அலுவலகத்தில் கோப்பாக நகர்கிறது.

அடையாளக் குறிகளின் வரலாற்றை அரசின் கண்காணிப்பு பெருகிய கதையாக மட்டும் படிப்பது போதாது. பொறுப்பு எவர் தோளில் இறக்கப்பட்டது என்பதும் அதனுள் பதிந்துள்ளது. 1861ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாளரின் பெயரை வண்டியில் எழுதச் செய்தது. அப்பெயர் அழிந்திருக்கும் வண்டியைச் சாலையில் நிறுத்தும்போது முதலில் கேள்விக்கு உள்ளாகிறவர், பெரும்பாலும், 1827இல் வில்லையை மறுத்த தொழிலாளரின் இடத்தில் இன்று நிற்கும் ஓட்டுநரே.